வீட்டுக்கு விலை வந்தாச்சு... ‘சரி’ சொல்வதா, காத்திருப்பதா?

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்று சொல்லிவைத்த பெரியவர்கள், ‘வீட்டை விற்றுப் பார்’ என்பதையும் ஏன் சேர்க்காமல் விட்டார்களோ! வாடகைக்கு விட்டதில் தவறு நேர்ந்தால் 11 மாதத்தில் சரிசெய்துகொள்ளலாம். விற்பதற்கு அட்வான்ஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அதிலிருந்து வெளியே வருவது லேசான காரியம் இல்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு இது ஆயுளில் ஒரே ஒரு முறை நடக்கிற வியாபாரம். எதிரில் உட்கார்ந்து பேசுகிற புரோக்கருக்கோ, இந்த மாதத்தில் இது எத்தனையாவதோ!

“பார்ட்டி 55 சொல்றாங்க சார். இன்னைக்கே அட்வான்ஸ் தரவும் ரெடி. என்ன சொல்லட்டும்?”

இப்படி ஒரு போன் வந்ததும் வீடே இரண்டாகப் பிரிந்துவிடும். ‘வந்த லட்சுமியைத் தள்ளாதீங்க’ என்று ஒருவர் சொல்வார். ‘இன்னும் ஆறு மாசம் போனா அறுபதுக்குப் போகும்’ என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே விலையை மட்டும்தான் பார்க்கிறார்கள். எவ்வளவு, எப்போது, எந்த வழியில், எல்லாம் போக மிச்சம் என்ன... இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் கிடைத்தால்தான் அது ‘நல்ல விலை’யா என்பது தெரியும்.

பார்ட்டி வரும் முன்பே ஒரு கணக்கு

கணக்குப் புரிவதற்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மதுரைப் புறநகரில் ஒரு தனி வீடு. 2005-ல் 12 லட்சத்துக்கு வாங்கியது. சொந்தக்காரர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். அவரும் மனைவியும் இப்போது கோவையில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். மதுரை வீடு பூட்டிக் கிடக்கிறது. அதை விற்று, மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய ஃபிளாட் வாங்கிக் குடியேற வேண்டும் என்பது திட்டம்.

இவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ‘எவ்வளவுக்கு விற்கும்?’ என்பதைவிட ‘எவ்வளவுக்குக் கீழே போனால் கட்டாது?’ என்பதைத்தான்.

கோவை ஃபிளாட் 42 லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%. அது 3.78 லட்சம். சாமான் மாற்றுவது, பெயின்ட், சின்னச் சின்ன மராமத்து என்று 2 லட்சம். வயதான காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்காகத் தொடாமல் வைக்க 5 லட்சம். மொத்தம் 52.78 லட்சம். புரோக்கர் கமிஷன் 1% என்று பேசியிருந்தால், அதையும் சேர்த்துக் குறைந்தது 53.31 லட்சத்துக்கு விற்றாக வேண்டும். வரி தனி, அதைப் பிறகு பார்ப்போம். எதிர்பாராத செலவுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, 53.5 லட்சம் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இதுதான் அடிவிலை. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து, முதல் பார்ட்டி வீட்டு வாசல்படி ஏறுவதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிட வேண்டும். புரோக்கருக்கு இந்த எண் தெரியவே கூடாது. தெரிந்தால் பேரம் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஊர் சொல்லும் விலை, உண்மை விலை

‘பக்கத்துத் தெருவில் எண்பதுக்குப் போச்சாம்’ என்ற பேச்சை நம்பி விலை வைப்பவர்கள்தான் அதிகம். பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்க விவரத்தைக் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். அக்கம்பக்கத்து மனைகள் எந்த ஆண்டு, எவ்வளவுக்குப் பதிவாகியிருக்கின்றன என்பது அதில் இருக்கும். சிலர் விலையைக் குறைத்துக் காட்டிப் பதிவு செய்திருக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அரசின் வழிகாட்டி மதிப்பும் அதே தளத்தில் கிடைக்கும். அது பதிவுக் கட்டணத்துக்கான மதிப்புதான். சந்தை விலை அதற்கு மேலும் இருக்கலாம், சில இடங்களில் கீழேயும் இருக்கலாம். குழப்பம் தீரவில்லை என்றால், வங்கிகளுக்கு மதிப்பீடு செய்து தரும் இன்ஜினீயர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. வீடு பழையதாக இருந்தால், வாங்குபவர் மனைக்கு மட்டுமே விலை போடுவார். பார்த்துப் பார்த்துப் பதித்த பூஜை அறை டைல்ஸுக்கும், கைப்பட வளர்த்த மாமரத்துக்கும் அவர் கணக்கில் இடம் இருக்காது. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அவர் இடித்துவிட்டுக் கட்டப்போகிறவராகக்கூட இருக்கலாம்.

வந்து போகிறவர்களும் சந்தையைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். பதினைந்து பேர் வந்து பார்த்தும் ஒருவர்கூட விலை பேசவில்லை என்றால், சொல்லும் விலை அதிகம். தனித்தனியாக வந்த மூன்று பேர் 54, 55 என்றே சுற்றிச் சுற்றிப் பேசினால், அன்றைய சந்தை அதுதான். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் வருகிற விலையை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அந்த மாதங்களில் அட்வான்ஸ் கொடுக்கவே பலர் தயங்குவார்கள். ஆவணியும் தையும் பிறந்தால் கூட்டம் தானாக வரும்.

மூன்று பார்ட்டி, மூன்று விலை

மதுரை வீட்டுக்கு 60 லட்சம் சொல்கிறார்கள். மூன்று பேர் வருகிறார்கள்.

முதலாமவர் 58 லட்சம் தருகிறேன் என்கிறார். ஆனால், ஊரில் இருக்கும் தன் மனையை விற்றுத்தான் பணம் புரட்ட வேண்டும். ஆறு மாதம் டைம் கேட்கிறார். அட்வான்ஸ் 50,000 ரூபாய்.

இரண்டாமவர் 55 லட்சம். வங்கியில் லோன் பேசி வைத்திருக்கிறார். அட்வான்ஸ் 5 லட்சம். இரண்டு மாதத்தில் கிரயம்.

மூன்றாமவர் 52 லட்சம். லோன் இல்லை, ஒரே பேமென்ட். அடுத்த வாரமே பத்திரம் போடலாம் என்கிறார்.

பார்த்ததும் 58 தான் கண்ணை இழுக்கும். 55 லட்சத்தை 6% வட்டிக்கு டெபாசிட்டில் போட்டால் மாதம் 27,500 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்காகக் கூடுதலாகக் காத்திருக்கும் நான்கு மாதங்களுக்கு 1.10 லட்சம் போய்விடுகிறது. ஆக, 3 லட்சமாகத் தெரிந்த லாபம் உண்மையில் 1.90 லட்சம்தான். அதற்காக, ஒருவருடைய மனை விற்குமா, விற்காதா என்று ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். விற்காவிட்டால் அவருக்கு நஷ்டம் 50,000 ரூபாய்; இவர்களுக்கு ஆறு மாதமும், பார்த்து வைத்த கோவை ஃபிளாட்டும் நஷ்டம்.

52 லட்சம் அடிவிலைக்குக் கீழே இருக்கிறது. ஆனாலும் அவரை உடனே அனுப்பிவிட வேண்டியதில்லை. ‘54 என்றால் இந்த வாரமே பேசலாம்’ என்று சொல்லிப் பார்க்கலாம். ரொக்கமாக இருப்பவர் முதலில் சொல்கிற விலை, பெரும்பாலும் ஆழம் பார்ப்பதற்காகச் சொல்வதுதான்.

இந்தக் குடும்பத்துக்கு 55 லட்சம்தான் பொருத்தமான விலை. அதே 55 எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. அதே வீட்டில் குடியிருந்துகொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் விற்பவருக்கு ஆறு மாதம் ஒரு பாரமே இல்லை. அவர் 58-க்குக் காத்திருக்கலாம், அட்வான்ஸைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டுவிட்டு. வீட்டுக்கடன் தவணை நின்று, வங்கி நோட்டீஸ் வந்துவிட்டவருக்கோ, ஏலத்துக்குப் போவதைவிட 52 லட்சம் எவ்வளவோ மேல்.

லோன் பார்ட்டியிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

‘லோன் சாங்ஷன் ஆகிடும் சார்’ என்ற வார்த்தையை மட்டும் நம்ப முடியாது. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில், சொத்து மதிப்பில் அதிகபட்சம் 80% தான் வங்கி தர முடியும். 55 லட்சம் வீட்டுக்கு 44 லட்சம். மீதி 11 லட்சமும், பத்திரப்பதிவுக்கான 4.95 லட்சமும் வாங்குபவர் கையிலிருந்து வர வேண்டும். கிட்டத்தட்ட 16 லட்சம்.

‘லோன் போக 16 லட்சம் தயாராக இருக்கிறதா?’ என்பதுதான் அந்தக் கேள்வி. இதைக் கேட்டதும் தடுமாறுகிறவர், அட்வான்ஸ் கொடுத்த பிறகும் தடுமாறுவார்.

வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டுக்கு 50 லட்சம்தான் போட்டால், கடனும் அந்தக் கணக்கில்தான் வரும். கட்டட அனுமதி வரைபடத்தில் இல்லாத மாடியைப் பிற்பாடு கட்டியிருந்தால், பட்டா இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே இருந்தால், சொத்து வரி பாக்கி இருந்தால் லோன் அங்கேயே நின்றுவிடும். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரைபடம், வரி ரசீது எல்லாவற்றையும் விலை பேசும் முன்பே சரிபார்த்து வைத்துவிட்டால், ‘டாக்குமென்ட்ல சின்ன சிக்கல் இருக்கு, ரெண்டு லட்சம் குறைச்சுக்கோங்க’ என்ற கடைசி நேரப் பேரத்துக்கு இடம் இருக்காது.

‘பாதி ரொக்கமா வாங்கிக்கோங்க’

நான்காவதாக ஒருவர் வருகிறார். சொன்ன விலையான 60 லட்சத்தையும் தருகிறேன் என்கிறார். பத்திரத்தில் 35 லட்சம் காட்டிவிட்டு, 25 லட்சத்தை ரொக்கமாகத் தருவாராம்.

இதுதான் எல்லாவற்றையும்விட மோசமான விலை. வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதமாக விதிக்கப்படலாம். அதுவும் வாங்கியவருக்கு, அதாவது விற்றவருக்கு! பத்திரத்தில் காட்டும் விலை வழிகாட்டி மதிப்பைவிட மிகவும் குறைவாக இருந்தால், அந்த மதிப்புக்கே விற்றதாக வைத்து வரி போடுவார்கள். 2 லட்சம், அதற்கு மேல் ரொக்கம் கைமாறியதாகத் தெரியவந்தால் வருமான வரித் துறைக்குத் தகவல் தர வேண்டும் என்று நீதிமன்றங்களுக்கும் சார்பதிவாளர்களுக்கும் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

அபராதம் வராது என்றே வைத்துக்கொண்டாலும், அந்த 25 லட்சத்தை என்ன செய்வது? கோவை ஃபிளாட்காரர் செக் கேட்பார். வங்கியில் போட்டால் கணக்குக் கேட்பார்கள். வீட்டில் வைத்தால் தூக்கம் போகும்.

எல்லாம் போக மிச்சம் எவ்வளவு?

வீட்டை வாங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால், விற்ற லாபத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி உண்டு. 2024 ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் இரண்டு வழிகளிலும் கணக்குப் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம்.

12 லட்சத்துக்கு வாங்கி 55 லட்சத்துக்கு விற்றால் லாபம் 43 லட்சம். முதல் வழியில் 12.5% வரி, அதாவது 5.37 லட்சம். இரண்டாவது வழியில், வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக்கொள்ளலாம். 2005-06-க்கான குறியீட்டு எண் 117, 2025-26-க்கு 376. அந்தக் கணக்கில் 12 லட்சம் 38.56 லட்சமாகிறது. லாபம் 16.44 லட்சம். அதற்கு 20% வரி என்றால் 3.29 லட்சம். செஸ் தனி. எந்த வழி என்று பார்க்காமல் விட்டால் இரண்டு லட்சம் போய்விடும்.

லாபத் தொகையைப் போட்டு வேறு வீடு வாங்கினால் இந்த வரியும் இல்லை. விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள்ளோ வாங்கியிருக்க வேண்டும். கட்டுவதானால் மூன்று ஆண்டுகள். மதுரைத் தம்பதி கோவையில் ஃபிளாட்டுக்கும் பதிவுக்கும் சேர்த்து 45.78 லட்சம் போடுகிறார்கள். அது லாபத்தைவிட அதிகம் என்பதால் வரி கிடையாது. ‘ஃபிளாட் எதுக்குப்பா, ஆளுக்குப் பாதியா கொடுத்துடுங்க’ என்று பிள்ளைகள் கேட்டு, பெற்றோரும் சம்மதித்துவிட்டால், இந்தச் சலுகை கைவிட்டுப் போகும். விலை 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் 1% டி.டி.எஸ் பிடித்துக்கொண்டுதான் தருவார். அது விற்றவரின் பான் கணக்கில் வரவாகும். சொந்தக்காரர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடித்தம் இதைவிட மிக அதிகம். விலைக்குத் தலையாட்டும் முன் ஆடிட்டரிடம் அரை மணி நேரம் செலவழிப்பது நல்லது.

கையெழுத்து யார் யார் போட வேண்டும்?

அப்பா பெயரில் இருந்த வீடு. அவர் உயில் எழுதாமல் போய்விட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. ‘தங்கச்சிக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சே’ என்பது சட்டத்தின் முன் செல்லாது. விலை பேசி, அட்வான்ஸும் வாங்கிய பிறகு தங்கையிடம் போய்க் கையெழுத்துக் கேட்டால், விற்பனையும் நிற்கும், உறவும் முறியும். முதல் நாளே தங்கையையும் உட்காரவைத்து, எவ்வளவுக்கு விற்கலாம் என்று கேட்டுவிட்டால் இரண்டுமே காப்பாற்றப்படும்.

அட்வான்ஸ் வாங்கும் முன் மூச்சு விடுங்கள்

யோசிக்க வேண்டிய கடைசி நேரம் இதுதான். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்ததும் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதன் பிறகு வாங்குபவர் காணாமல் போய்விட்டாலும், அவரும் வந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல், வேறொருவருக்கு நிம்மதியாக விற்க முடியாது.

மறுபக்கமும் உண்டு. ‘அதற்குள் விலை ஏறிவிட்டது, தர மாட்டேன்’ என்று விற்பவர் பின்வாங்கினால், ஒப்பந்தப்படி எழுதிக்கொடுக்கச் சொல்லி வாங்குபவர் மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். 2018-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ‘அட்வான்ஸைத் திருப்பித் தந்துவிடுகிறேன்’ என்று சொல்லி நழுவுவது இன்னும் கடினமாகிவிட்டது.

அதனால் ஒப்பந்தத்தில் சில விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும். கிரயத்துக்குக் கடைசித் தேதி எது? லோன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் என்ன ஆகும்? தேதி தாண்டினால் ரத்துப் பத்திரம் யார் செலவில்? அட்வான்ஸ் எவ்வளவு என்பதும் முக்கியம். 50,000 ரூபாயை விட்டுவிட்டுப் போகிறவர் இருப்பார். 5 லட்சத்தை விட்டுவிட்டுப் போகிறவர் அபூர்வம். அசல் பத்திரங்களையும் சாவியையும் முழுப் பணம் வரும் வரை கொடுக்கக் கூடாது. வக்கீல் பார்க்கவும் வங்கி பார்க்கவும் ஜெராக்ஸ் போதும்.

எப்போது ‘சரி’ சொல்லலாம்?

அடிவிலைக்கு மேலே இருக்கிறது, முழுப் பணமும் வங்கி வழியாக வருகிறது, எப்படி வருகிறது என்பது தெரிகிறது, நாள் குறித்தாகிவிட்டது, பங்குதாரர்கள் எல்லோருக்கும் சம்மதம். இந்த ஐந்தும் இருந்தால், இன்னும் ஒரு லட்சம் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒன்று குறைந்தால், விலை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் ‘ரெண்டு நாள்ல சொல்றோம்’ என்று சொல்லி போனை வைத்துவிடலாம். உண்மையாக வாங்க வந்தவர் இரண்டு நாள் பொறுப்பார்.

அறுபதைத் தாண்டியவர்கள் தங்களுக்கென இருக்கும் ஒரே வீட்டை விற்கும்போது, ஆறாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்துத் தங்கப்போகும் கூரை எது, அது யார் பெயரில் என்பது முடிவாகியிருக்க வேண்டும். விற்ற பணம் பெற்றோர் கணக்குக்கு வர வேண்டும்; புதிய வீடும் அவர்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். பிள்ளைகள் தங்கமானவர்களாகவே இருக்கட்டும். கொடுக்க நினைப்பதை உயிலில் எழுதிவைக்க, பத்திரம் பதிந்த மறுநாள்கூடப் போகலாம்.